உயிர்ப்பைக் காக்கும் விரதம்

தீய பழக்கம் ஒன்றை ஊர் கூடி விலக்க முயன்ற வரலாறு நாம் வாழும் இந்தச் சேலம், நாமக்கல் சமவெளிக்கு உண்டு. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-ஆம் ஆண்டு காந்தி ஆசிரமம் நிறுவிய இராஜாஜி, அங்கிருந்து மதுவின் தீமையை எடுத்துரைக்க 1929-இல் 'விமோசனம்' என்னும் இதழைத் தொடங்கினார். அவர் சென்னை மாகாணத்தின் முதல்வரான பின்னர், 1937 அக்டோபர் 1 அன்று மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது, இன்றைய நாமக்கல் மாவட்டப் பகுதிகளும் அடங்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில்தான்.

மது நம் இல்லங்களுக்குள் நுழைவதை நாம் பெரும்பாலும் தடுத்தே வந்துள்ளோம். புலாலையும் மதுவையும் பெயர் சொல்லக்கூடக் கூசும் குடும்பங்கள் நம்முடையவை. ஆனால் புகை? கோயிலுக்குச் செல்லும் முன் சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டை எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டுச் செல்வோரை நாம் கண்டதில்லையா? இரவு உணவு உண்ணாமைக் கட்டுப்பாட்டை முறை தவறாது காத்து, அதே இரவில் தெருமுனையில் நின்று புகைப்போர் நம்மிடையே இல்லையா? பிறரைக் குறைகூறும் நோக்கம் நமக்கில்லை. இது நம் வீட்டுச் செய்தி. ஆகவே நாமே பேச வேண்டியுள்ளது.

இப்பழக்கமுடைய அன்பர்களிடம் பேசினால், "முன்பு நாளுக்குப் பத்து, இப்போது மூன்றாகக் குறைத்துவிட்டேன்" என்னும் விடையே அடிக்கடி கிடைக்கிறது. குறைத்துக்கொண்டால் தீமையும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினா.

நூலில் இல்லாத தீமையா?

"விலக்கத்தக்க ஏழு வியசனங்களுள் புகை சொல்லப்படவில்லையே" என்று சிலர் கேட்பதுண்டு. சொல்லப்படாததற்குக் காரணம் எளிது. புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியரின் கப்பல்கள் வழியாக அது நம் நாட்டுக்கு வந்து ஏறத்தாழ 400 ஆண்டுகளே ஆகின்றன. நம் ஆசாரியர்கள் அறியாத ஒரு பொருளை அவர்கள் பெயர் சொல்லி விலக்கியிருக்க இயலாது. ஆயினும் அதனை அளந்து பார்க்கும் கோலை அவர்கள் நமக்குத் தந்தே சென்றுள்ளனர்.

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம், கருத்தின்மையாலும் வேட்கையாலும் பிராணன்களுக்கு ஊறு செய்வதை இம்சை என வரையறுக்கிறது. பிராணன்கள் பத்து என்பதை நம் சிறுவரும் பாடமாகப் படித்திருப்பர்: ஐம்பொறிகள், மனம், சொல், உடல் என்னும் மூன்று வலிமைகள், உயிர்ப்பு, ஆயுள். இவற்றுள் இறுதியாகச் சொல்லப்பட்ட உயிர்ப்பு, ஆயுள் என்னும் இரண்டையும் நேராகத் தாக்குவது புகை. புகைப்பவருடைய பிராணனை மட்டுமன்றி, அருகிலிருப்பவருடைய பிராணனையும் அது தாக்குகிறது. இவ்வளவு தெரிந்த பின், இதனை விலக்க வேறு சூத்திரம் தேடவேண்டியதில்லை.

உடலினுள் நிகழ்வது

புகையை உள்ளிழுத்த சில விநாடிகளில் நிகோடின் என்னும் பொருள் மூளையை அடைகிறது. அது தரும் சிறு கிளர்ச்சியே பழக்கத்தின் வேர். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள நிகோடின் பாதியாகக் குறைந்துவிடுவதால் மனம் மீண்டும் கேட்கிறது. "புகைத்தால் பதற்றம் தணிகிறது" என்று சொல்வோர், அப்பதற்றத்தின் பெரும்பகுதியை முந்தைய புகையே உண்டாக்கியது என்பதை உணர்வதில்லை.

அடிமையாக்குவது நிகோடின், கொல்லுவது பெரும்பாலும் அதனுடன் வரும் பிற நஞ்சுகள். புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயை விளைவிப்பவை. கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு, இரத்தச் சிவப்பணுக்களில் பிராணவாயு அமர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தார் நுரையீரலில் படிகிறது. இரத்தக் குழாய்களின் உட்சுவர் சிதைந்து, இரத்தம் உறையும் தன்மை மிகுகிறது. நுரையீரல், தொண்டை, வாய், உணவுக்குழல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்று, மாரடைப்பு, பக்கவாதம், ஓயாத இருமலும் மூச்சுத்திணறலும் தரும் நுரையீரல் அடைப்பு நோய் ஆகியன இதன் விளைவுகள்.

"சிகரெட்தானே தீது, பீடி வெறும் இலைதானே" என்பது நம் பகுதியில் பரவியுள்ள தவறான எண்ணம். பீடி இலையின் வழியே காற்று எளிதில் புகாது. அது அடிக்கடி அணையும். அணையாமல் காக்கப் புகைப்பவர் அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்கிறார். உள்ளே உள்ள தூள் குறைவாயினும், இழுக்கப்படும் நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் குறைவல்ல. வடிகட்டி பொருத்திய சிகரெட்டும், 'லைட்' என்று பெயரிட்டு விற்கப்பட்ட சிகரெட்டும் இவ்வாறே. மென்மையான புகையை மக்கள் இன்னும் ஆழமாக இழுத்தனரேயன்றி, நோய் குறையவில்லை.

விழுப்புரம் தரும் பாடம்

இவை யாவும் மேல்நாட்டார் கணக்கு என்று ஒதுக்குவோர்க்கு நம் தமிழகத்திலேயே சான்று உள்ளது. மருத்துவர் வேந்தன் கஜலட்சுமி, இங்கிலாந்துப் பேராசிரியர் ரிச்சர்ட் பீட்டோ முதலியோர் நடத்திய ஆய்வொன்று 2003-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களின் வீடுகளுக்குச் சென்று, அவர்கள் எந்நோயால் இறந்தனர், புகைத்தனரா என்பதைக் கேட்டறிந்து, உயிருடனிருந்த 35,000 ஆண்களுடன் ஒப்பிட்டுப் பார்த்தனர்.

விழுப்புரம் என்றதும் நம்மில் பலருக்கு மேல்சித்தாமூரும் திண்டிவனமும் செஞ்சியும் நினைவுக்கு வரும். அரசுப் பணிக்கும் ஆசிரியப் பணிக்கும் தொழிலுக்குமாகச் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் வந்து குடியேறிய நம்மில் பலருக்கு அது பிறந்த மண். அம்மண்ணின் வீடுகளிலிருந்து கிடைத்த விடை இது: புகைத்த ஆண்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் பாதிப்பேரின் மரணத்துக்குப் புகையே காரணமாகலாம் என்றும் அவ்வாய்வு முடிவு கூறியது. காசநோய்க் கிருமி பலர் உடலில் உறங்கிக் கிடப்பது. புகையால் நலிந்த நுரையீரலில் அது விழித்தெழுகிறது. புகையின் தீமை புற்றுநோயோடு நிற்பதில்லை என்பதற்கு இது சான்றாயிற்று.

பின்னர் 2008-இல், நாடு முழுவதும் 11 இலட்சம் இல்லங்களில் நிகழ்ந்த ஆய்வின் முடிவு வெளியாயிற்று. சிகரெட் புகைக்கும் ஆண்கள் சராசரியாக 10 ஆண்டுகளையும், பீடி புகைக்கும் ஆண்கள் 6 ஆண்டுகளையும் வாழ்நாளில் இழக்கின்றனர் என்று அது காட்டியது. பேரன் பேத்தியரைத் தோளில் சுமந்து கோயிலுக்கு அழைத்துச் செல்லும் ஆண்டுகள் அவை.

'குறைத்துக்கொண்டேன்' என்னும் மயக்கம்

இனி நம் வினாவுக்கு வருவோம். நாளுக்கு 20 சிகரெட் புகைப்பவர் அதனை ஒன்றாகக் குறைத்தால், இதய நோயின் அபாயமும் இருபதில் ஒரு பங்காகக் குறையும் என்பது நம் கணக்கு. உடல் அக்கணக்கை ஏற்பதில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் புகைப்பவருக்கும், 20 புகைப்பவருக்கு நேரும் கூடுதல் இதய நோய் அபாயத்தில் ஏறத்தாழ பாதி நேர்கிறது. நுரையீரல் புற்று அபாயம் அளவு குறையக் குறைகிறது என்பது உண்மையே. ஆனால் இதயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை. மேலும், எண்ணிக்கையைக் குறைத்தவர் எஞ்சிய மூன்றையும் அடிவரை ஆழ இழுப்பது இயல்பு.

நம் உறவினர் ஒருவர் நாமக்கல்லில் லாரி புக்கிங் அலுவலகத்தில் கணக்கராயிருந்தார். இரவு பகலாக வண்டிகள் வந்து போகும் இடம். ஓட்டுநர்களோடு தேநீரும், தேநீரோடு சிகரெட்டும். குடும்பத்தார் வேண்டுகோளுக்கிணங்கிப் பத்தை மூன்றாகக் குறைத்தார். எட்டு ஆண்டுகள் அம்மூன்றிலேயே நின்றார். அந்த மனநிறைவே அவரை முழுதும் விடவொட்டாமல் தடுத்தது என்று பின்னாளில் அவரே நம்மிடம் கூறினார். 52-ஆம் வயதில் மாரடைப்பு வந்தது. மருத்துவமனையில் மருத்துவர் கேட்டபோதும், "குறைத்துவிட்டேன், ஐயா" என்றே விடை சொன்னாராம். "குறைத்தது சரி, எப்போது விட்டீர்கள்?" என்று மருத்துவர் மீண்டும் கேட்க, அவரிடம் பதில் இல்லை.

உயிர் பிழைத்தது நம் நல்வினை. அவர் எவ்வாறு விட்டார் என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

அருகிலிருப்போர் பிராணன்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, புகையிலையால் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். அவர்களுள் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தாம் புகைக்காது, பிறர் விட்ட புகையை உள்வாங்கியவர்கள். கணவர் புகைப்பதால் புகைக்காத மனைவியருக்கு நுரையீரல் புற்று மிகுதியாக வருவதை ஜப்பானிய ஆய்வாளர் ஹிரயாமா 1981-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். புகை சூழ்ந்த வீட்டில் வளரும் குழந்தைகளுக்கு ஆஸ்துமாவும் மார்புச்சளியும் காதுநோயும் மிகுதியாக வருகின்றன. கருவுற்ற பெண் இப்புகையை உள்வாங்கினால் பிறக்கும் குழந்தையின் எடை குறைகிறது.

எறும்பு மிதிபடாமல் நிலம் பார்த்து நடக்கும் நாம், நீரை வடிகட்டிப் பருகும் நாம், நம் தொட்டிலில் உறங்கும் குழந்தையின் மூச்சில் நஞ்சைக் கலக்கலாமா? சன்னலோரம் நின்று புகைப்பதும், வேறு அறையில் புகைப்பதும் இதற்குத் தீர்வல்ல. புகை துணியிலும் சுவரிலும் தங்கி வருகிறது.

மற்றொரு வழக்கத்தையும் இங்கே கூறியாக வேண்டும். "தம்பி, கடைக்குப் போய் ஒரு கட்டு பீடி வாங்கி வா" என்று சிறுவனை அனுப்புவது. காசை எண்ணிக் கொடுத்து, அவன் கையாலேயே தீப்பெட்டியும் வாங்கிவரச் செய்யும் தந்தை, அப்பழக்கத்தின் முதல் பாடத்தை அவனுக்குத் தாமே கற்பிக்கிறார். 18 வயது நிரம்பாதவர்க்குப் புகையிலைப் பொருள் விற்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. பொது இடங்களில் புகைத்தல் 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் விதிகளின்படி கடுமையாகத் தடுக்கப்பட்டது. ஆனால் நம் வீட்டுக் கூடத்துக்குள் சட்டம் வந்து நிற்பதில்லை. அங்கே காவல் நாமே.

நியமமும் யமமும்

சமந்தபத்திர சுவாமிகளின் இரத்தினகரண்டக சிராவகாசாரம், உடலுக்குக் கேடு தருவதை விரதமாகக் கொண்டு விலக்குக என்கிறது. அவ்விலக்கலில் இருவகை காட்டுகிறது. குறித்த காலத்துக்கு மட்டும் விலக்குவது நியமம். வாழ்நாள் முழுதும் விலக்குவது யமம். ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பக்கம், ஒரு மாதம், ஒரு பருவம் என நியமத்துக்குக் கால அளவும் உண்டு. நியமத்தில் அளவுபடுத்தப்படுவது காலமே என்பதைக் கவனிக்க வேண்டும். அக்காலத்துக்குள் விலக்கு முழுமையானது. "இன்று மூன்று மட்டும் புகைப்பேன்" என்பது அளவைக் குறைத்தல். "இன்று புகையேன்" என்பது நியமம்.

மருத்துவ ஆய்வும் இதனோடு ஒத்துச் செல்வது வியப்பைத் தருகிறது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 700 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2016-இல் வெளிவந்தது. சிறிது சிறிதாகக் குறைத்து விட முயன்றவர்களுள் நான்கு வாரங்களுக்குப் பின் 39 விழுக்காட்டினரே விட்டிருந்தனர்; ஒரு நாள் குறித்து ஒரேயடியாக விட்டவர்களுள் 49 விழுக்காட்டினர் விட்டிருந்தனர். ஆறு மாதங்களுக்குப் பின்னும் ஒரேயடியாக விட்டவர்களே முன் நின்றனர்.

நம் உறவினர் செய்ததும் இதுவே. மருத்துவமனையிலிருந்து வந்தவுடன் "வாழ்நாள் முழுதும் தொடேன்" என்று சொல்ல அவருக்குத் துணிவில்லை. அவ்வாண்டுத் தசலட்சண பருவம் நெருங்கியிருந்தது. "அந்தப் பத்து நாள் மட்டும்" என்று ஜினபிம்பத்தின் முன் நின்று நியமம் ஏற்றார். மூன்றாம் நாள் கை நடுங்கியது, உறக்கமில்லை, வீட்டாரிடம் சினந்தார். மகள், "அப்பா, இன்னும் ஏழு நாள்தானே" என்று சொல்லி ஒரு குவளை நீரை எதிரே வைத்துவிட்டுச் சென்றாளாம். பத்தாம் நாள் மாலை, நியமத்தை மேலும் ஒரு மாதத்துக்கு நீட்டினார். பின் ஒரு பருவத்துக்கு. எந்நாளில் அது யமமாயிற்று என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

கைக்கொள்ளும் வழிகள்

1. நாள் குறித்தல்: இரண்டு வாரங்களுக்குள் ஒரு நாளைக் குறிக்கவும். அட்டமி, சதுர்த்தசி போன்ற நோன்பு நாளாக இருப்பின் மனம் எளிதில் இசையும். முதல் நாள் இரவே பீடி, சிகரெட், தீப்பெட்டி, சாம்பல் கிண்ணம் யாவற்றையும் வீட்டிலிருந்து அகற்றிவிடவும்.

2. கடினமான நாள்களை அறிதல்: எரிச்சல், தூக்கமின்மை, மிகுபசி, மனச்சோர்வு ஆகியன முதல் மூன்று நாள்களில் உச்சமடைந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். இவை உடல் மீள்வதன் அறிகுறிகள்.

3. வேட்கை எழும்போது: ஒவ்வொரு வேட்கையும் சில நிமிடங்களே நிற்கும். அந்நேரத்தில் நீர் அருந்துக, மெதுவாக மூச்சை இழுத்து விடுக, பஞ்சமந்திரம் செபிக்க, இடம் மாறி நடக்க. வாய்க்குச் சோம்பு, ஏலக்காய், கிராம்பு போதும்.

4. தூண்டும் இடத்தை மாற்றுதல்: தேநீர்க் கடையே பலருக்குத் தூண்டுகோல். சில வாரங்கள் தேநீரை வீட்டிலேயே அருந்துக. இரவில் வண்டி ஓட்டுவோர் உறக்கத்தை வெல்லப் புகைப்பதாகக் கூறுவர். உறக்கத்துக்கு மருந்து உறக்கமே. வண்டியை ஓரங்கட்டிச் சிறிது கண்ணயர்வது, ஓட்டுநர் உயிரையும் பிறர் உயிரையும் காக்கும்.

5. துணை நாடுதல்: மத்திய அரசின் 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியில் புகையிலையை விட ஆலோசனை பெறலாம். பழக்கம் மிகுந்தவர்க்கு நிகோடின் சூயிங்கம் முதலியன உதவும். மருத்துவரைக் கேட்டே அவற்றைப் பயன்படுத்துக. இதய நோயாளர் இதில் மிகக் கவனமாயிருத்தல் வேண்டும்.

6. மாற்று மயக்கத்தைத் தவிர்த்தல்: புகையை விட்டு வெற்றிலையோடு புகையிலை மெல்லத் தொடங்குவது, நுரையீரலைக் காக்க வாயைப் பலியிடுவதாகும். வாய்ப்புற்றுக்கு அதுவே பெருங்காரணம். மின்சிகரெட்டை நம் நாடு 2019-லேயே தடை செய்துவிட்டது.

7. தவறினால்: ஒருமுறை தவறியதால் விரதம் முழுதும் வீணாயிற்று என்று கைவிடலாகாது. நம் நெறியில் பிராயச்சித்தம் இருப்பது இதற்காகவே. பலமுறை முயன்றே பலர் வென்றுள்ளனர்.

இல்லத்தார் செய்யத்தக்கது, ஏசாமையும் எள்ளாமையும். "இத்தனை நாள் விட்டீர்களே" என்னும் ஒரு சொல், நூறு கடிந்துரையை விட வலியது.

காலம் கடந்துவிட்டதா?

"இத்தனை ஆண்டு புகைத்தாயிற்று, இனி விட்டென்ன?" என்பது முதியோர் கேட்பது. இங்கிலாந்து மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, ரிச்சர்ட் டால் முதலியோர் 2004-இல் வெளியிட்ட முடிவு இதற்கு விடை. புகைப்போர் சராசரியாக 10 ஆண்டு வாழ்நாளை இழந்தனர். 60 வயதில் விட்டவர் 3 ஆண்டுகளை மீட்டனர். 50-இல் விட்டவர் 6 ஆண்டுகளை. 40-இல் விட்டவர் 9 ஆண்டுகளை. 30-இல் விட்டவர் இழப்பு முழுவதையும் ஏறத்தாழ மீட்டனர். விட்ட ஓரிரு நாளில் இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு நீங்குகிறது. ஓராண்டில் இதய நோயின் கூடுதல் அபாயம் ஏறத்தாழ பாதியாகிறது. ஆதலின் காலம் கடந்தவர் எவருமிலர்.

நம் வணிகம்

இறுதியாக ஒரு சொல், சற்றுத் தயங்கியே கூறுகிறோம். நம்மில் மளிகைக் கடையும் பெட்டிக்கடையும் நடத்துவோர் உளர். "நான் புகைப்பதில்லை, விற்கிறேன், அவ்வளவே" என்று அவர்கள் கூறலாம். நஞ்சு வணிகத்தை இல்லறத்தார்க்கு ஆகாதென நம் நூல்கள் விலக்கியுள்ளன. வருவாய் குறையும் என்பது உண்மை. அது சிறு இழப்பன்று என்பதையும் அறிவோம். சட்டப்படி சிறுவர்க்கு விற்காமையை இன்றே தொடங்கலாம். அலமாரியில் அவ்விடத்தை வேறு பொருளுக்கு அளிப்பதைப் பற்றி, குடும்பமாக அமர்ந்து பேசலாம்.

சிந்தனைக்கு

1. புகைத்தல் எப்பிராணன்களுக்கு ஊறு செய்கிறது?
2. அளவைக் குறைத்தலுக்கும் நியமத்துக்கும் வேறுபாடு யாது?
3. நம் இல்லத்தில் இப்பழக்கமுடையவர்க்கு, வரும் நோன்பு நாளில் நாம் எவ்வாறு துணைநிற்கலாம்?

இவ்வினாக்களை இல்லத்தில் மாலை விளக்கேற்றிய பின் அனைவரும் கூடிப் பேசுக. ஒரு நாள் நியமம் ஒன்றை ஒருவரேனும் ஏற்பாராயின், இக்கட்டுரை தன் பயனை அடைந்ததாகும். எல்லா உயிர்களும் இனிது உயிர்ப்பனவாக!